தமிழ் கற்பிக்கும் தகுதிக்கும் தமிழில் இடமில்லையா?

கல்லூரியில் தமிழ் கற்பிக்க விரும்பும் ஒருவர் தொல்காப்பியத்தை ஐயந்திரிபறக் கற்றிருக்கலாம். கழக நூல்களுள் ஆழத் தோய்ந்திருக்கலாம். கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் எழுத்தெண்ணிப் படிக்கும் திறம் பெற்றிருக்கலாம். முதுகலைத் தேர்வில் தம் பல்கலைக்கழகத்திலேயே முதல்வராகத் தேறியுமிருக்கலாம். இத்தனையும் இருந்தும், ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பெற்ற ஐம்பது வினாக்களுக்கு விடையளித்தாலன்றி, இந்தியப் பல்கலைக்கழக நல்கைக் குழு நடத்துவிக்கும் விரிவுரையாளர் தகுதித் தேர்வில் அவர் தேற இயலாது. 'நெட்' என்னும் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் அழைக்கப்பெறும் அத்தேர்வின் முதல் தாள், பாடம் எதுவாயினும் எல்லார்க்கும் பொதுவானது. அத்தாள் தமிழில் இல்லை. தமிழ்ப் பாடத்தையே தேர்ந்தெடுத்துக்கொண்டு தமிழ்ப் பேராசிரியராக வர விழையும் பிள்ளைக்கும் அது தமிழில் இல்லை. தமிழ் கற்பிக்கும் தகுதியை அளந்தறியும் கோலிலும் தமிழுக்கு முழு இடமில்லை என்னும் இந்நிலை, எங்கோ தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தின் நடைமுறைச் சிக்கல் அன்று; தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பிள்ளைகளின் வாழ்வைத் தாக்கும் ஓர் அடிப்படை முறைகேடாகும்.

இத்தேர்வின் அமைப்பை முதற்கண் அறிந்துகொள்ளல் நன்று. ஆண்டுக்கு இருமுறை, சூன் பருவத்திற்கு ஒன்றும் திசம்பர் பருவத்திற்கு ஒன்றுமாக, இது நடத்தப்பெறுகின்றது. தாள்கள் இரண்டு. முதல் தாளில் 50 வினாக்கள். அவற்றிற்கு 100 மதிப்பெண்கள். இரண்டாம் தாள் அவரவர் பாடத்திற்குரியது, அதில் 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள். இரண்டிற்கும் சேர்த்து மூன்றே மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இரு தாள்களின் மதிப்பெண்களையும் ஒருங்கே கூட்டி, பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 40-உம், ஒதுக்கீட்டுப் பிரிவினர் நூற்றுக்கு 35-உம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது முதல் வரம்பு. அவ்வரம்பைத் தாண்டிய அனைவரும் தேறிவிடுவதில்லை. தேர்வெழுதினோருள் நூற்றுக்கு அறுவர் என்னும் அளவிலேயே, ஒதுக்கீட்டின்படியும் பாடத்தின்படியும் வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுக்கின்றனர். ஆகலின் இதனைத் தகுதித் தேர்வு என்பதினும் போட்டித் தேர்வு என்பதே பொருந்தும்.

தேர்வெழுதுவதற்குரிய தகுதியும் எளியதன்று. முதுகலைப் பட்டத்தில் நூற்றுக்கு 55 மதிப்பெண்கள் பெற்றிருத்தல் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளர், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோர்க்கு 50 போதும். ஆயின், இங்குப் பிற்படுத்தப்பட்டோர் எனப்படுவோர் தமிழ்நாட்டரசின் பட்டியலில் உள்ளோர் அனைவரும் அல்லர்; நடுவணரசின் பட்டியலில் இடம்பெற்று, அவ்வரசு வகுத்துள்ள வருமான வரம்பிற்குள்ளும் அடங்குவோரே. மேலும் 55 என்றால் 55தான், 54.9 பெற்றவரை முழுமையாக்கிச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. விரிவுரையாளர் தகுதிக்கு அகவை வரம்பில்லை. ஆய்வு உதவித்தொகைக்கு மட்டும் உண்டு. அவ்வுதவித்தொகை 2023 சனவரி முதல் திங்களுக்கு உருபா 37,000 என உயர்த்தப்பெற்றது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அத்தொகை எத்துணைப் பெரிய ஊன்றுகோல் என்பதைச் சொல்ல வேண்டா. எனவே இத்தேர்வில் ஒருவர் தோற்பது, வேலைவாய்ப்பை மட்டுமன்றி, ஆய்வு செய்து உயரும் வாய்ப்பையும் உடனிழப்பதாகும்.

இத்தேர்வு தோன்றிய கரணியத்தையும் கருதிப் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் தோறும் பட்டங்களின் தரம் வேறுபடுகின்றது என்பதும், ஆசிரியர் அமர்த்தத்தில் ஒரு பொது அளவு தேவை என்பதும், 1980-களில் நல்கைக் குழு அமைத்த மெகரோத்திரா குழுவின் பரிந்துரைக்கு அடிப்படையாய் அமைந்தன. 1989-இல் விரிவுரையாளர் தகுதிக்கான தேர்வு தொடங்கிற்று. 1991-ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதனைக் கட்டாயமாக்கின. அதன்பின் முனைவர் பட்டத்தார்க்கு விலக்களிப்பதும் விலக்கைத் திரும்பப் பெறுவதுமாகப் பல மாற்றங்கள் நேர்ந்தன. பல்கலைக்கழகத் துறைகளில் சேர முனைவர் பட்டமே கட்டாயம் என 2018-இல் விதித்தனர், அதனைத் தள்ளிவைத்தனர், 2023 சூன் 30-ஆம் நாளிட்ட திருத்தத்தால் அதனையும் கைவிட்டு, நாட்டுத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ தேறினாலே உதவிப் பேராசிரியர் பணிக்குப் போதும் என்றனர். முனைவர் பட்டத்தின் வழியே செல்லலாம் எனக் கருதுவார்க்கும் இத்தேர்வே வாயிலில் வந்து நிற்கின்றது. 2024 சூன் பருவம் முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் இதன் மதிப்பெண்ணைக் கொள்ளுமாறு நல்கைக் குழு பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. இந்த நெடிய வரலாற்றில் விதிகள் எத்தனையோ முறை மாறின, மாறாதிருப்பது ஒன்றே. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பதே அது.

இவ்விதி தகடூர் நாட்டில் எவ்வாறு விளைகின்றது என்பதைக் காண்க. அதியமான் நெடுமானஞ்சி ஆண்ட தகடூரே இற்றைத் தருமபுரி. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்து, தமிழ்ப்புலமை நெடிது வாழவேண்டும் என விழைந்த வேளின் நாடு அது. வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் மண் அது. சேலம் மாவட்டத்தினின்று 1965 அத்தோபர் 2-இல் தனி மாவட்டமாகப் பிரிந்து, 2004-இல் கிருட்டிணகிரியைப் பிரித்துக் கொடுத்தபின் எஞ்சிய தருமபுரி மாவட்டத்தில், மக்களுள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு மேற்பட்டோர் சிற்றூர்களில் வாழ்வோரே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80.09 ஆக இருந்தபோது, தருமபுரியின் எழுத்தறிவு 68.54 ஆக இருந்தது. மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் இதுவே கடைசி.

இத்தகைய மாவட்டத்தில் கல்லூரிப் படிப்பு என்பது முதல் தலைமுறையின் முயற்சி. தருமபுரியிலும், அரூரிலும், காரிமங்கலத்திலும், பாப்பிரெட்டிப்பட்டியிலும், பென்னாகரத்திலும் கல்லூரிகள் எழுந்தபின்னரே, வெளியூரில் தங்கிப் படிக்க வழியில்லாத பெண்பிள்ளைகள் பட்டப்படிப்பின் படியேறினர். பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை விரிவாக்க நடுவம் அமைந்தபின், முதுகலையும் அவர்களுக்குக் கைக்கெட்டும் தொலைவிற்கு வந்தது. சித்தேரி மலையிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் இறங்கிவரும் பிள்ளைகளும், ஆண்டில் பல திங்கள் பெங்களூரிலோ திருப்பூரிலோ கூலிக்குச் சென்றுழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளும் அவ்வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். அவர்களுள் மிகப் பலர் ஒன்றாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலேயே பயின்றவர்கள். ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்றார்களேயன்றி, அம்மொழியில் எண்ணவும் ஏரணவழி ஆராயவும் பழகியவர்கள் அல்லர்.

அத்தகைய பிள்ளை தேர்வறையில் அமர்ந்தால் நேர்வது யாது? 150 வினாக்களுக்கு 180 மணித்துளிகள். ஒரு வினாவிற்குச் சற்றொப்ப 72 நொடிகள். முதல் தாளில் பத்து அலகுகள் உள்ளன. கற்பிக்கும் திறன், ஆய்வுத் திறன், படித்துணர்தல், கருத்துப் பரிமாற்றம், கணக்கியல் உய்த்துணர்வு, ஏரணம், தரவுகளை ஆராய்தல், தகவல் தொடர்பு நுட்பம், மக்கள் வளர்ச்சியும் சுற்றுச்சூழலும், உயர்கல்வி அமைப்பு என்பன அவை. இவற்றுள் படித்துணர்தல் என்பது, ஓர் உரைப்பகுதியைத் தந்து அதன் பொருளை வினவுவது. அவ்வுரைப்பகுதி ஆங்கிலத்திலோ இந்தியிலோ உள்ளது. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை தன் தாய்மொழியில் படித்துணர்ந்து விடையெழுதுகின்றது. தமிழ்ப்பிள்ளை அயன்மொழியில் படித்துணர்ந்து விடையெழுதுகின்றது. இருவர்க்கும் ஒரே நேரம், ஒரே மதிப்பெண், ஒரே அளவுகோல் என்கின்றனர். ஒருவனை வெறுங்கையுடனும் மற்றொருவனை மூட்டை சுமக்க வைத்தும் ஓடவிட்டு, இருவர்க்கும் ஒரே எல்லைக்கோடு என்பது போன்றதே இந்த ஒப்புரிமை.

தமிழ்ப் பாடத்தில் போட்டியிடுவோர் அனைவரும் தமிழரே அன்றோ, அனைவர்க்கும் ஒரே தடைதானே, அதனால் யாருக்கு இழப்பு என வினவுவாரும் உளர். இவ்வினாவிற்கு விடை எளிது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க. தமிழ்த் தாளில் இருவர் ஒப்ப 150 மதிப்பெண்கள் பெறுகின்றனர் எனக் கொள்க. முதல் தாளில் ஒருவர் 70-உம் மற்றவர் 50-உம் பெறுகின்றனர். முன்னவர் 220, பின்னவர் 200. நூற்றுக்கு அறுவர் என்னும் வரிசையில் இந்த இருபது மதிப்பெண் இடைவெளி ஒருவரை உள்ளே வைக்கும். மற்றவரை வெளியே தள்ளும். தமிழறிவில் இருவரும் ஒப்பாயிருக்க, தமிழ்ப் பேராசிரியர் யார் என்பதை ஆங்கிலப் பயிற்சியே முடிவு செய்கின்றது. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த, நகரத்துப் பயிற்சி நிலையங்களில் பணங்கட்டிப் பயின்ற பிள்ளைக்கு அந்த இருபது மதிப்பெண் எளிதிற் கிட்டும். பென்னாகரத்துச் சிற்றூரில் பிறந்த பிள்ளைக்குக் கிட்டாது. ஆக, இத்தடை தமிழர் அனைவரையும் ஒப்பத் தாக்குவதன்று. தமிழருள்ளும் எளியவரைத் தேடித் தாக்குவது.

பாடத்திட்டத்தின் உள்ளடக்கத்திற்கு வருவோர் மற்றொரு வியப்பையும் காண்பர். ஏரணம் என்னும் அலகில் 'இந்திய ஏரணம்' என ஒரு பகுதி உண்டு. பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி என்னும் அளவைகள் ஆறனையும், அனுமானத்தின் உறுப்புகளையும், போலி ஏதுக்களையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது விதி. வடசொற்களில் இவற்றைக் காணும் தமிழ்ப்பிள்ளை, இவை தனக்குப் புறம்பான கல்வி எனக் கருதி மருளும். உண்மை அதுவன்று. மணிமேகலையின் 27-ஆம் காதை அளவைகளை எண்ணி விளக்குகின்றது. 29-ஆம் காதை, ஏதுவும் எடுத்துக்காட்டும் போலிகளும் யாவை என ஒரு முழு ஏரண நூல் போலவே விரித்துரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் அருணந்தி சிவனார் சிவஞான சித்தியாரில், காண்டல், கருதல், ஒப்பு, உரை, பொருள் என்னும் தமிழ்ச்சொற்களாலேயே அளவைகளைச் சுட்டினார். அனுபலப்தியை இன்மை என்றால் முடிந்தது. ஆறு அளவைகளுக்கும் அழகிய தமிழ்ச்சொற்கள் இருக்க, அவற்றை வடமொழி ஒலியிலும் ஆங்கில எழுத்திலும் படித்து மனப்பாடம் செய்ய வேண்டிய நிலையில் தமிழ் முதுகலை மாணவர் நிறுத்தப்பட்டுள்ளனர்.

கற்பிக்கும் திறன் என்னும் முதல் அலகையும் நோக்குக. கற்போர் இயல்பு, கற்பிப்போர் இயல்பு, கற்பிக்கும் முறை, கற்றலை மதிப்பிடும் முறை என்பன அதன் உட்பொருள்கள். நன்னூலின் பொதுப்பாயிரம் பேசுவதும் இவற்றையே. ஆசிரியர் எத்தகையராய் இருத்தல் வேண்டும், எத்தகையார் ஆசிரியராகத் தகார், பாடஞ் சொல்லும் முறை யாது, மாணாக்கர் எத்தனை வகையினர், பாடங் கேட்கும் முறை யாது என ஒன்றொன்றாக வகுத்து, உவமைகளால் விளக்கியுள்ளார் பவணந்தியார். ஓர் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாகத் தமிழ் மாணவர் தம் இலக்கணப் படிப்பின் தொடக்கத்திலேயே ஆசிரியத் தகுதியைப் பற்றிய பாடத்தைக் கற்று வந்துள்ளனர். மேலைநாட்டு உளவியலார் காட்டும் கற்பித்தல் முறைகளை வேண்டா என எவரும் கூறார். அவற்றையும் அறிதல் வேண்டும். ஆயின், நன்னூலை நெட்டுருச் செய்த பிள்ளை, ஆசிரியத் தகுதி பற்றிய வினா அயன்மொழியில் உள்ளது என்பதற்காகவே விடை தெரியாதவராகக் கணக்கிடப்படுவது எத்துணைப் பெரிய அறியாமை! அப்பிள்ளைக்கு இல்லாதது அறிவா, மொழியா? அறிவை அளக்கப் போந்த தேர்வு மொழியை அளந்துவிட்டு, அதற்கு அறிவு எனப் பெயரிடுகின்றது.

இந்திய மொழிகள் பலவற்றில் வினாத்தாள் அமைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது ஆட்சியாளர் வழக்கமாகக் கூறும் விடை. இவ்விடை இன்று சற்றும் நில்லாது. இத்தேர்வை 2018 திசம்பர் முதல் நடத்துவது நாட்டுத் தேர்வு முகமை. மருத்துவப் படிப்பிற்கான 'நீட்' தேர்வை அதே முகமைதான் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்துகின்றது. பொறியியல் நுழைவுத் தேர்வும் 2021 முதல் 13 மொழிகளில் நடைபெறுகின்றது. நடுவண் பல்கலைக்கழகங்களின் இளநிலை நுழைவுத் தேர்வும் 13 மொழிகளில் அமைந்தது. நுழைவுத் தேர்வுகளை எதிர்ப்பார் எதிர்க்கட்டும். அது தனி வழக்கு. இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் தமிழில் வினவ இயன்ற ஒரு முகமைக்கு, கற்பிக்கும் திறனைப் பற்றிய 50 வினாக்களைத் தமிழில் வினவ இயலாதோ? பதினேழு அகவைப் பிள்ளைக்குத் தமிழில் வினாத்தாள் உண்டு. இருபத்து மூன்று அகவையில் அதே பிள்ளை தமிழ் கற்பிக்க முன்வந்தால் இல்லை. இது இயலாமை அன்று. விருப்பமின்மை என்பது வெளிப்படை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும். 2018-ஆம் ஆண்டு 'நீட்' தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என வழக்கு எழுந்தது. சென்னை உயர்நயன்மை மன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதிய மாணவர்க்கு 196 மதிப்பெண்கள் வழங்குமாறு தீர்ப்பளித்தது; உச்சநயன்மை மன்றம் அத்தீர்ப்பை விலக்கிவிட்டது. இழப்பு மாணவர்க்கே ஆயிற்று. எனவே, தமிழில் வினாத்தாள் என்பது ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த கந்தல் மொழியாக இருத்தல் கூடாது. பாடமும் மொழியும் ஒருங்கே அறிந்த தமிழறிஞரால் அது தமிழிலேயே ஆக்கப்படுதல் வேண்டும்.

இச்சிக்கலைத் தீர்க்கவே மாநிலத் தகுதித் தேர்வு என ஒன்று ஏற்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். நாட்டுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடப்பதால், தத்தம் தாய்மொழியில் எழுத விரும்புவோர் பின்தள்ளப்படுகின்றனர் என மாநிலங்கள் முறையிட்டன. அதன் விளைவாகவே, நல்கைக் குழுவின் ஏற்பிசைவுடன் மாநிலங்களே தேர்வு நடத்திக்கொள்ளும் வழி பிறந்தது. ஆகலின் 'செட்' எனப்படும் அத்தேர்வு, மாநிலங்கள் வாதாடிப் பெற்ற ஒரு மொழியுரிமை. அவ்வுரிமையைத் தமிழ்நாடு எவ்வாறு போற்றியது? கொடைக்கானல் அன்னை தெரேசா மகளிர் பல்கலைக்கழகம் 2018 மார்ச்சில் அத்தேர்வை நடத்தியது. அடுத்த தேர்வு எப்பொழுது நடந்தது? நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2024 சூன் 7, 8 நாள்களில் நடத்துவதாக அறிவித்தது, தேர்வு தள்ளிவைக்கப்பட்டது, பின்னர்ப் பொறுப்பு ஆசிரியர் தேர்வு வாரியத்திற்கு மாற்றப்பட்டு, 2025 மார்ச்சு 6 முதல் 9 வரை நடந்தேறியது. இடையில் கழிந்தவை ஏழு ஆண்டுகள்! அதே காலத்தில் நாட்டுத் தேர்வு பலமுறை நடந்துவிட்டது. 2018-இல் முதுகலை முடித்த தருமபுரிப் பிள்ளைக்குத் தன் மாநிலத் தேர்வின் கதவு திறப்பதற்குள் முப்பது அகவை நெருங்கிவிட்டது. தில்லியைக் குறைகூறும் வாய், சென்னையின் இந்த ஏழாண்டு உறக்கத்தையும் கண்டித்தல் வேண்டும்.

மாநிலத் தேர்வில் தேறுவோர்க்கும் ஓர் எல்லை வகுத்துள்ளனர். 2002 சூன் முதல் நாளுக்கு முன் தேறியோர் நாடெங்கும் பணியாற்றலாம். அதற்குப்பின் தேறியோர் தம் மாநிலத்தில் மட்டுமே பணியாற்றலாம். அதாவது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினால் அனைத்து இந்தியத் தகுதி. தாய்மொழிக்கென அமைந்த தேர்வை எழுதினால் ஒரு மாநிலத் தகுதி. தில்லியிலும் வாரணாசியிலும் தமிழ் கற்பிக்கப்பெறுகின்றது. அங்குத் தமிழ் கற்பிக்கத் தமிழ்நாட்டுத் தகுதித் தேர்வு போதாது என்பது நகைப்பிற்கிடமானதன்றோ?

தமிழ்நாட்டரசின் சட்டங்களிலும் ஒரு முரண் உண்டு. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. பள்ளிப் படிப்பு முதலே தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டும் என 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. நல்ல சட்டம், வரவேற்கத் தக்க திருத்தம். ஆயின் அச்சட்டம் கல்லூரி ஆசிரியப் பணிக்குப் பயன்பட வேண்டுமாயின், தமிழ்வழியிலேயே பயின்ற ஒருவர் முதலில் தகுதித் தேர்வைக் கடந்தாக வேண்டும். மாநிலத் தேர்வு ஏழாண்டு நடவாதபோது, அவர் எழுதக்கூடியது ஆங்கிலத் தேர்வு ஒன்றே. உள்ளே தமிழ்வழியார்க்கெனத் தனி இருக்கை போட்டு வைத்துவிட்டு, வாயிற்கதவில் ஆங்கிலப் பூட்டைத் தொங்கவிட்டால், அவ்விருக்கையில் அமர வருவார் யார்? நிரம்பாத இடங்களைக் காட்டி, தமிழ்வழியில் தகுதியானோர் இல்லை எனப் பின்னர்ப் பழிகூறுவதும் நேரும்.

தமிழில் உயர்கல்விக்கு நூல் இல்லை என்பாரும் வரலாறு அறியாதாரே. கோவை அரசு கலைக் கல்லூரியில் 1960-இல் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. அதற்கென அமைந்த தமிழ் வெளியீட்டுக் கழகமும், 1970-இல் தோன்றிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் பாடநூல்களை நூற்றுக்கணக்கில் தமிழில் வெளியிட்டன. வரலாறு, பொருளியல், மெய்யியல், உளவியல், இயற்பியல், வேதியியல் என எல்லாத் துறைகளிலும் நூல்கள் வந்தன. தொடர்ந்து நூல்கள் வந்திருக்குமாயின், கலைச்சொற்கள் நாவிற் பழகியிருக்கும். தொடராமற் போனதற்குத் தமிழ் கரணியம் அன்று. படித்த படிப்பிற்குத் தமிழில் தேர்வும், தேறியபின் பணியும் உண்டு என்னும் உறுதி இல்லாதபோது, எந்தப் பெற்றோர் தம் பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்ப்பர்? தேர்வின் மொழியே பள்ளியின் மொழியை முடிவு செய்கின்றது. கல்லூரி ஆசிரியத் தேர்வில் தமிழுக்கு இடமின்மை, கீழே ஒன்றாம் வகுப்பு வரை இறங்கி வந்து தமிழ்வழிக் கல்வியின் வேரை அரிக்கின்றது.

எல்லாவற்றையும் தில்லியில் குவித்துக்கொள்வதன் தீங்கு 2024-இல் கண்கூடாயிற்று. அவ்வாண்டு சூன் 18-ஆம் நாள் நாடெங்கும் ஒன்பது இலக்கத்திற்கு மேற்பட்டோர் இத்தேர்வை எழுதினர். மறுநாளே தேர்வு செல்லாது என அறிவித்தனர். ஆகத்து, செப்டம்பர்த் திங்கள்களில் மீண்டும் எழுதுமாறு செய்தனர். வெளியூர்த் தேர்வு நடுவத்திற்குப் பேருந்தில் சென்று, கூலியிழந்து எழுதிய சிற்றூர்ப் பிள்ளையின் நாளையும் பணத்தையும் யார் ஈடுசெய்தனர்? அடுத்த ஆண்டு, 2025 சனவரி 6-இல், ஆசிரியர் அமர்த்தம் பற்றிய புதிய வரைவு நெறிமுறைகளை நல்கைக் குழு வெளியிட்டது. இளநிலையும் முதுகலையும் எப்பாடத்தில் படித்திருப்பினும், தகுதித் தேர்வில் தேறிய பாடத்தைக் கற்பிக்கலாம் என்பது அவ்வரைவின் கூறுகளுள் ஒன்று. ஆண்டுக்கணக்கில் கற்ற பாடவறிவினும் மூன்று மணி நேரத் தேர்வே பெரிது என்னும் போக்கு இது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சனவரி 9-ஆம் நாளே அவ்வரைவை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் சரி; அதனோடு அமையாமல், தன் கையிலுள்ள மாநிலத் தேர்வைச் செம்மையாக நடத்திக் காட்டுவதே அத்தீர்மானத்திற்கு வலிமை சேர்க்கும்.

இங்குக் கூறப்பெற்றன ஆங்கிலக் கல்வியின்மேற் கொண்ட பகைமையால் எழுந்தன அல்ல. மொழிஞாயிறு பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். தருமபுரி அப்பொழுது சேலம் மாவட்டத்தின் பகுதி. அப்பெருமகனார் தமிழே உலகின் முதற் செம்மொழி என நிறுவும் தம் நூலை 1966-இல் ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்டார். உலகிற்கு ஒன்றைச் சொல்ல ஆங்கிலம் வேண்டும். பிற நாட்டு அறிவைக் கொணர ஆங்கிலம் வேண்டும். ஆய்வாளர் அதனைக் கற்பது நன்று. இன்னும் பல மொழிகளைக் கற்பதும் நன்று. கருவியாகக் கற்பது வேறு. கழுத்திற் கட்டிய கல்லாகச் சுமப்பது வேறு. ஆங்கிலத்தை அறிய வேண்டுமாயின் அதனை ஆங்கிலத் தேர்வாகவே வைத்துச் சோதிக்கட்டும். கற்பிக்கும் திறன் என்னும் பெயரால் மறைமுகமாகச் சோதித்தல் முறையன்று. இந்தியைப் பொறுத்தவரை, 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகளே தமிழ்நாட்டிற்குப் பொருந்தா என அவ்விதிகளின் தொடக்கத்திலேயே கூறப்பட்டுள்ளது. அத்தகைய நாட்டின் பிள்ளைக்கு ஆங்கிலம் இல்லையேல் இந்தி எனக் கூறுவது, இரண்டு பூட்டிய கதவுகளைக் காட்டி விரும்பியதைத் தேர்ந்துகொள் என்பதாகும்.

எனவே செய்யத்தக்கன இவை. நாட்டுத் தகுதித் தேர்வின் முதல் தாளைத் தமிழிலும், அரசியல் சட்டத்தின் எட்டாம் பட்டியலிலுள்ள பிற மொழிகளிலும் வழங்குதல் வேண்டும். தமிழைப் பாடமாகக் கொண்டோர்க்கு இதனை உடனடியாகவே செய்தல் வேண்டும். அதற்கு எந்தப் பெருஞ்செலவும் இல்லை. மாநிலத் தகுதித் தேர்வை ஆண்டுதோறும் குறித்த திங்களில் தவறாது நடத்துதல் வேண்டும். அதன் முதல் தாளும், கலை அறிவியல் பாடங்கள் அனைத்தின் இரண்டாம் தாளும் செந்தமிழில் முழுமையாகக் கிடைத்தல் வேண்டும். அளவைகளுக்கும் கற்பித்தல் முறைகளுக்கும் தமிழ் நூல்களிலுள்ள சொற்களையே ஆளுதல் வேண்டும். மாநிலத் தேர்வில் தேறியோர்க்கு, குறைந்த அளவு தமிழ்த்துறைகளிலேனும், நாடெங்கும் தகுதி வழங்குதல் வேண்டும். தருமபுரி போன்ற மாவட்டங்களின் அரசு கலைக் கல்லூரிகளில் இத்தேர்விற்குக் கட்டணமில்லாப் பயிற்சியைத் தமிழில் நடத்துதல் வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருத்தலும் அறிவுடைமை ஆகாது. கல்லூரித் தமிழாசிரியர்கள் தம் மாணவர்க்கு முதல் தாளின் பத்து அலகுகளையும் தமிழில் விளக்கிக் குறிப்பெழுதித் தரலாம். மணிமேகலையின் அளவை வாதத்தையும் நன்னூற் பாயிரத்தையும் தேர்வு நோக்கில் மீண்டும் பாடஞ் சொல்லலாம். முதுகலை மாணவர்கள் 55 என்னும் வரம்பை முதலாண்டிலேயே கருத்திற் கொண்டு படித்தல் வேண்டும். ஆங்கில வினாத்தாளையும் அஞ்சாது பழகிக்கொள்ளல் வேண்டும். உரிமைக்குப் போராடும் பிள்ளை தேர்விலும் தேறிக் காட்டுமாயின், அப்பிள்ளையின் குரலை இயலாதவன் கூக்குரல் எனத் தள்ள எவராலும் இயலாது.

பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றுகூடி, தத்தம் தொகுதியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரிடம் இவ்வொரு கோரிக்கையை எழுத்தில் அளிக்கட்டும்: தமிழ் கற்பிக்கும் தகுதியைத் தமிழில் அறிக. இதனை மறுப்பதற்கு நேர்மையான ஒரு கரணியமும் எவரிடத்தும் இல்லை. தகடூர் மண்ணிலிருந்து இக்குரல் எழுக! தமிழ்நாடெங்கும் அது பரவுக! தமிழ்ப்பிள்ளையின் தகுதிக்குத் தமிழே சான்றாகுக!